இருநூற்று நான்காம் அட்டை

எனக்கு ஓர் அட்டை குறைவாக இருந்தது. இருநூற்றுப் பத்து அட்டைகள் கொண்ட தொகுதியில் இருநூற்றொன்பது என்னிடம் இருந்தன. இருநூற்று நான்காம் இலக்கம் மட்டும் இல்லை. அது ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனில் ஒரு கிழவரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குச் சந்தேகம். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

ஐம்பதுகளில் அமெரிக்காவில் சூயிங்கம் பொட்டலத்தோடு கொடுத்த பேஸ்போல் அட்டைகள் இவை. முன்பக்கத்தில் ஒரு விளையாட்டுக்காரனின் வர்ணப் படம். பின்பக்கத்தில் இலக்கமும் அவனைப் பற்றிய விபரமும். எனக்குப் பேஸ்போல் தெரியாது. ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்த காலத்தில் எல்லே விளையாடியிருக்கிறேன். தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. முதலாவது அட்டையைப் பார்த்தபோது, எல்லே விளையாட இவ்வளவு நல்ல சட்டை போட்டிருக்கிறானே என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒஸ்லோவில் வீடு காலிசெய்யும் வேலை எனக்கு. அதற்கு முன் வடக்கே மீன் தொழிற்சாலையில் மூன்று குளிர்காலம், பேர்கனில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கொஞ்சக் காலம், பிறகு தெருவில் தார் போடுகிற ஆட்களோடு ஒரு கோடை. நொஸ்க் மொழி வகுப்பைப் பாதியில் விட்டேன். இரும்பு ஒட்டுவேலைப் படிப்பைப் பாதியில் விட்டேன். ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் காலில் ஏதோ ஊர்வது போல இருக்கும். வீடு காலிசெய்யும் வேலையில் ஒவ்வொரு நாளும் வேறு வீடு என்பதால் அதில் மட்டும் நிலைத்துவிட்டேன்.

யாராவது இறந்துபோனால் பிள்ளைகள் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை நாங்கள் சுமந்து கீழே நிற்கும் பெரிய இரும்புத் தொட்டிக்குள் போடுவோம். ஒருநாள் நாங்கள் காலிசெய்த வீட்டின் சொந்தக்காரர் இளம் வயதில் அமெரிக்காவில் தச்சு வேலை செய்துவிட்டுத் திரும்பியவராம். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு தடித்த ஆல்பம் கிடந்தது. அதற்குள் நூற்று முப்பத்தொரு அட்டைகள். அவருடைய மகளுக்கு அறுபது வயதிருக்கும். வாசலில் கோப்பிக் குவளையோடு நின்றார். இதை நான் எடுக்கலாமா என்று கேட்டேன். எடு, அது குப்பை என்றார்.

அவ்வளவு சுலபமாக ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நாளைக்கு இவர் அகதிக்காரன் திருடிவிட்டான் என்று சொன்னால் என்னிடம் என்ன ஆதாரம்? எழுதித் தரச் சொன்னேன். அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில், இந்த ஆல்பத்தை நானே விரும்பிக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இந்த நாட்டுச் சனம் இப்படித்தான். வீதியோரம் உருளைக்கிழங்கை மூட்டையாக வைத்து, பக்கத்தில் பணம் போட ஒரு டப்பாவையும் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். நான் அந்த இடங்களில் மரங்களை அண்ணாந்து பார்ப்பேன், எங்கே கமரா வைத்திருக்கிறார்கள் என்று.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் அட்டை இருந்தது. எல்லா இலக்கங்களும் சின்னச் சின்னப் பெட்டிகளோடு. அந்தத் தச்சர் கிடைத்தவற்றைப் பென்சிலால் சரிபோட்டிருந்தார். நான் தொடங்கியவற்றில் எதற்கும் முடிவு எங்கே என்று தெரிந்ததில்லை. இதற்குத் தெரிந்தது: இருநூற்றுப் பத்து. ஒன்றையாவது முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

ஒன்பது வருடம் எடுத்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்க்கப் பழைய பொருள் சந்தை போடுவார்கள். கதவு திறக்கும் முன்னமே போய் வரிசையில் நிற்பேன். பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கிற நோர்வேஜியர் எக்கெபெர்க் மைதானத்தில் கூடுகிற நாட்களில் அங்கும் போவேன். தலைமுடியை எண்ணெய் போட்டு வாரிய கிழவர்கள் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து இலக்கத் தகடும் கோலா விளம்பரமும் விற்பார்கள். சில பெட்டிகளுக்குள் அட்டை இருக்கும். போலி அட்டையும் இருக்கும். நுனிவிரலால் தடவி, மணந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ஒரு தடவை ஓர் அட்டைக்காக நாற்பது நிமிடம் நின்றேன். விற்றவர் பொறுக்க முடியாமல், சும்மா கொண்டுபோ என்றார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாங்கிய ஒவ்வொன்றையும் உடனே லமினேற் செய்தேன். இது எனக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல. எங்கள் ஆட்களின் வீட்டு லாச்சியை இழுத்துப் பார்த்தால் தெரியும்: பிறந்த பத்திரம், பிள்ளையின் முதல் சான்றிதழ், கோயில் பற்றுச்சீட்டு கூடப் பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள் மழை. பள்ளிக்கூடப் பத்திரங்களையும் அடையாள அட்டையையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தபோது, பிளாஸ்ரிக் போட்ட அடையாள அட்டை மட்டும் அப்படியே இருந்தது. மற்றவை கூழ். நான் எட்டாம் வகுப்புப் படித்தேன் என்பதற்கு இன்றைக்கும் என் வாயைத் தவிர ஆதாரம் கிடையாது. ஆகவே பள்ளிக்கூடச் சந்தை ஒன்றில் பழைய லமினேற் மெஷினைக் கண்டதும் வாங்கினேன். ஆல்பத்தில் இருந்த நூற்று முப்பத்தொன்றையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். பட்டியல் அட்டையையும் விடவில்லை. பிறகு பிளாஸ்ரிக்கில் பென்சில் பிடிக்காததால் ஒரு கொப்பியில் சரிபோட வேண்டியதாயிற்று.

எக்கெபெர்க்கில்தான் ஓர் எஞ்சினியரைச் சந்தித்தேன். ஓர் அட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, “உது கள்ளச் சாமான் போலக் கிடக்கு” என்று முணுமுணுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒரிஜினல்தான்ணா. தைரியமா வாங்குங்க.”

திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலைக்கு வந்தவர், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தார். அமெரிக்காவில் நான்கு வருடம் படித்தபோது பேஸ்போல் பைத்தியம் பிடித்ததாம்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“என் ரூம்மேட் கலெக்டர்ணா. நாலு வருஷம் இத மட்டும்தான் பேசுவான். உங்ககிட்ட எத்தன இருக்கு?”

“கொஞ்சம் இருக்கு.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சமெண்டா கொஞ்சம்தான் தம்பி.”

நூற்றெண்பதுக்கு மேல் இருந்தது. கண்டதும் உள்ளதைச் சொல்லிவிட நான் என்ன விசரனா?

ஆனாலும் அவரை விட முடியவில்லை. இணையத்தில் தேடவும் ஆங்கிலத்தில் எழுதவும் அவருக்குத்தான் தெரியும். அவர் மூலம் அமெரிக்காவிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. உதவிக்கு ஒன்றுமே வாங்கமாட்டார். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எதற்காக இந்த மனிதன் தன் சனிக்கிழமையை எனக்குத் தருகிறான்? ஒருநாள் தொகுதியைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டார். சாட்டுச் சொல்லிச் சொல்லி மூன்று மாதம் தள்ளிப்போட்டு, பிறகு வரச் சொன்னேன்.

வந்தார். ஆல்பத்தைத் திறந்தார். இரண்டு பக்கம் புரட்டினார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

“எல்லாமே இப்படித்தானாண்ணா?”

“ஓம். எல்லாம் என்ரை கையாலை செய்தது. தண்ணிக்குள்ளை போட்டாலும் ஒண்டும் ஆகாது.”

“சூப்பர்ணா” என்றார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அட்டைகளை எண்ணினேன். சரியாக இருந்தன. மறுபடி எண்ணினேன். ஒருவன் என் பொருளைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போகிறான் என்றால், அதன் பெறுமதி அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே வீட்டுக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினேன்.

இரண்டு வருடத்தில் இருநூற்றொன்பது சேர்ந்தது. அப்போதுதான் அந்த எஞ்சினியர் திராமன் கிழவரைப் பற்றிச் சொன்னார். இணையத்தில் சேகரிப்பாளர்கள் கூடுகிற ஓர் இடத்தில் அவரைக் கண்டிருக்கிறார். கிழவர் தபாலில் விற்கமாட்டாராம். தொகுதியோடு நேரில் வா, பார்க்கிறேன், பிடித்தால் தருகிறேன் என்று எழுதியிருந்தார்.

“என்னத்துக்கு என்ரை ஆல்பத்தைக் கேக்கிறார்? மாத்தி எடுக்கவோ?” என்றேன்.

“அதெல்லாம் இல்லண்ணா. ஆனா நீங்க நேர்ல போக வேணாமே. நான் பேசிப் பாக்கறேன். ஆல்பத்த எடுத்துட்டுப் போகாதீங்க.”

“ஏன் கொண்டுபோகக் கூடாது?”

“சும்மாதான். அவரு கொஞ்சம் ஒரு மாதிரி.”

“நீர் அவரைப் பாத்தனீரோ?”

“இல்லண்ணா.”

“பாக்காத ஆளை ஒரு மாதிரி எண்டு எப்பிடித் தெரியும்?”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. இருநூற்று நான்கு இவருக்கு வேண்டும். என்னை அனுப்பாமல் தானே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். இரண்டு வருடம் எனக்கு உதவியது இந்த ஓர் அட்டைக்காகத்தான். அவரிடம் சொல்லாமல் அடுத்த கிழமையே ஆல்பத்தைத் துவாயில் சுற்றி முதுகுப்பையில் வைத்து, பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கிழவரின் வீடு ஆற்றுக்கு மேலே சரிவில் இருந்தது. எண்பது வயதை நெருங்கியவர். சின்ன வயதில் அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் சமையலறை வேலை செய்தாராம். துறைமுகக் கடைகளில் வாங்கிய அட்டைகள். கதவைத் திறந்தவர் வணக்கத்துக்கு முன் சொன்னது, கையைக் கழுவு என்பதுதான். நொஸ்க்கில் எல்லோரும் எல்லோருக்கும் “நீ”தான், அதில் கோபமில்லை. ஆனால் கழுவச் சொன்னது உறைத்தது. கறுத்த கை என்பதாலா என்று யோசித்துக்கொண்டே கழுவினேன். திரும்பி வந்தபோது அவரும் கழுவிவிட்டு வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் தன்னுடைய அட்டையைக் காட்டினார். மெல்லிய, வாய் திறந்த உறைக்குள் இருநூற்று நான்கு. முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுச் சிரிக்கிற ஒருவன். ஒரு மூலை கொஞ்சம் தேய்ந்திருந்தது.

பிறகு என் ஆல்பத்தை மேசையில் வைத்தேன். ஒரு விரலை அதன் ஓரத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

“யார் இதைச் செய்தது?”

“நான்.”

“ஏன்?”

மழையையும் கூழாகிப்போன பத்திரங்களையும் எனக்குத் தெரிந்த நொஸ்க்கில் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு சொன்னார்: சூட்டில் பசை உருகி அட்டையோடு ஒட்டியிருக்கும். இனி அதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் படம் பசையோடு போய்விடும். இவற்றை எந்தச் சேகரிப்பாளனும் அட்டை என்று சொல்லமாட்டான்.

“உன்னுடையதைத் தா” என்றேன். “விலையைச் சொல்.”

“இல்லை.”

“ஏன்?”

“இதையும் நீ கொன்றுவிடுவாய்.”

விலையைக் கூட்டுவதற்கான கதை இது என்று அப்போது உறுதியாக நம்பினேன். என் இருநூற்றொன்பதும் பெறுமதியற்றவை என்று சொல்லி, என்னைக் களைக்க வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சில்லறைக்கு வாங்கிவிடுகிற திட்டம். அந்த எஞ்சினியரும் இதில் பங்கு. ஆல்பத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு, அவர் ஊற்றிவைத்த கோப்பியைத் தொடாமல் வெளியே வந்தேன்.

ரயிலில் ஒஸ்லோவுக்கு வந்து, அங்கிருந்து நேரே பஸ் பிடித்து லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். எஞ்சினியர் கராஜ் வாசலில் காருக்குப் பனிக்காலத்து ரயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“நீர் கிழவனோடை முதலே கதைச்சு வைச்சனீரோ?” என்றேன்.

என் முதுகுப்பையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த ரயர் கழற்றும் திறப்பைக் கீழே வைத்தார்.

“போயிட்டீங்களாண்ணா?”

“போயிட்டன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“நான் பேசலண்ணா. அவரு என்ன சொன்னாரு? லேமினேட் பண்ணா வேஸ்ட்னாரா?”

“அப்ப உமக்கும் தெரியும்.”

“தெரியும்ணா. உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரியும்.”

“ரண்டு வருசம். ரண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தனீர்.”

“அப்பவே நூத்தித் தொண்ணூறு பண்ணிட்டீங்க. மிச்ச இருபதுக்கு மட்டும் பண்ணாதீங்கன்னு எப்படிச் சொல்றது? நீங்க அவ்வளவு சந்தோஷமாக் காட்டினீங்க. தண்ணில போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு. நான் எந்த வாயால சொல்ல?”

“வாய் உமக்குக் கொஞ்சமே?”

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு என் அட்டைகளில் ஆசை இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். பசி இல்லை என்றேன். பசி இருந்தது.

ஆனாலும் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நம்பிவிட முடியாது. இரண்டு பேர் சேர்ந்தும் சொல்லலாம். மறுநாள் காலை, இரண்டு தடவை வாங்கிவிட்ட ஓர் அட்டையை எடுத்தேன். அதையும் லமினேற் செய்திருந்தேன். ஓரத்தைக் கத்தரித்து நகத்தால் பிளாஸ்ரிக்கை மெதுவாக இழுத்தேன். தொப்பி போட்ட ஒருவன். பிளாஸ்ரிக்கோடு அவன் தொப்பி வந்தது, பிறகு நெற்றி, பிறகு ஒரு கண். கீழே சாம்பல் நிற மட்டை மட்டும் மிஞ்சியது. பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

இருநூற்றொன்பதையும் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஒரு கிழமை யோசித்தேன். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றும் யோசித்தேன். வழக்கமாக அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த முகமூடிக்காரன் கண்ணுக்குள் நின்றான். செத்த அட்டைகளாகவே இருக்கட்டும், அவற்றின் இலக்கம் சாகவில்லையே. எனக்கு வேண்டியது இருநூற்றுப் பத்து.

மறுபடி திராமனுக்குப் போனேன், ஆல்பம் இல்லாமல். கிழவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். நீ சொன்னது உண்மை, நான் உரித்துப் பார்த்தேன் என்றேன். உரித்துப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டுக் கதவை முழுதாகத் திறந்தார். கையைக் கழுவச் சொல்லும் முன்னமே கழுவப் போனேன்.

“அந்த அட்டை எனக்கு வேண்டும்” என்றேன். “பிளாஸ்ரிக் போடமாட்டேன்.”

“அதை நான் எப்படி நம்புவது?”

“எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட்டு.”



“காகிதத்தை வைத்து நான் என்ன செய்ய? நானே வந்து பார்ப்பேன். எப்போது வருவேன் என்று சொல்லமாட்டேன்.”

சரி என்றேன். விலையைச் சொன்னார். நியாயமான விலை. அதனாலேயே திரும்பி வரும் வழியெல்லாம், இது ஏன் இவ்வளவு நியாயமாக இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு வெளியே ஆலங்கட்டி கலந்த மழை. ஒட்டாமல் சும்மா உறைக்குள் இருந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலங்கியை இழுத்து மூடியபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனாள்.

லமினேற் மெஷினை எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்திருந்தால் எனக்கே என்மேல் நம்பிக்கை வராது. அவர் அதை வாங்கிக்கொண்டு, “நாங்கூட என் ஸ்கூல் சர்டிபிகேட்ட எல்லாம் போட்டுக்கலாம்ணா” என்றார். “போடும். ஆனா பிறகு என்னைக் கேக்கக் கூடாது” என்றேன். இப்போது இருவரும் சனிக்கிழமைகளில் சந்தைகளுக்குப் போகிறோம். அவர் இன்னும் எனக்கு வேறு எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறாரா என்று அவ்வப்போது கேட்பேன். இல்லையென்பார்.

கிழவர் சொன்னபடி வருகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சில வேளை அடுத்தடுத்த கிழமையே. ரயிலில் வந்து, நிலக்கீழ் ரயில் மாறி, கதவு மணியை இரண்டு தடவை அடிப்பார். கையுறை போட்டுக்கொண்டு இருநூற்று நான்கை மட்டும் எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். அவருடைய அட்டையை விற்றுவிட்டுப் போலி ஒன்றை வைத்திருக்கிறேனா என்று தேய்ந்த மூலையைத்தான் முதலில் தேடுவார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் அறையை விட்டு நகர்வதில்லை. அதற்காகவே தேநீரை எப்போதும் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

போன தடவை, இன்னும் எத்தனை வருடம் இப்படி வருவாய் என்று கேட்டேன்.

“உன்னை நம்பலாம் என்று தெரியும்வரை” என்றார்.

தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்து, கையுறையைப் பையில் போட்டு, படியிறங்கிப் போனதும் மேசையில் ஆல்பத்தை விரித்து, அட்டைகளை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.